வெள்ளிக்கிழமை பேப்பரில் விழுந்த கோல்

ஆந்திரா தனி மாநிலமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்று அப்போது இன்னும் முடிவாகவில்லை. டீக்கடை, பஸ், கோர்ட்டுக் கச்சேரி வாசல் என்று எங்கே இரண்டு பேர் சேர்ந்தாலும் அதே பேச்சுதான். அந்த வருஷம் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சித்தூர் மைதானத்தில், ஊரே திரண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பெரிய மனுஷன் இருக்கிறான். அவனுக்காகச் சொல்கிறேன்.

அவன் பெயர் வேண்டாம். திருப்பதி காலேஜில் நாங்கள் இருவரும் ஒரே ஃபுட்பால் டீம். நான் ஃபுல் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிற ஆள். அவன் ரைட் அவுட், வலது கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுபோகிறவன். காலேஜ் முழுக்க அவனை ரைட் அவுட் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவனிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. பந்தோடு ஓடும்போது வாய் சும்மா இருக்காது. "வர்றான், வர்றான், நெட்டையன் வர்றான், கால நீட்டப் போறான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே ஓடுவான். காலை நீட்டப் போகிறவன் அதைக் கேட்டுக் குழம்பி நிற்பான், இவன் தாண்டிப் போய்விடுவான். ரெஃப்ரீகூட ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, பேசாமல் ஆடு அப்பா என்று கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷம் பேசாமல் ஆடினான். அந்த ஐந்து நிமிஷமும் ஒரு பந்துகூட அவனிடம் தங்கவில்லை.

கடைசி வருஷம் வேலூரிலிருந்து வந்த ஒரு டீமோடு ஆடியபோது அவனுடைய வலது கால் முறிந்தது. பெஞ்சுப் பலகையில் படுக்க வைத்து, நானும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கி ரயிலேற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் வேறு யோசனையே கிடையாது, புத்தூர்க் கட்டுதான். வலியில் முகமெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது. அந்த நிலையிலும் பலகையில் படுத்துக்கொண்டு, "ரேணிகுண்டா தாண்டியாச்சி, வண்டி வளையுது, ஃபுல் பேக்கு அழுதுக்கினு கீறான்" என்று வர்ணித்துக்கொண்டே வந்தான். நான் அழுதது உண்மை.

எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் காலில் போட்ட கட்டை எப்போது பிரிக்க வேண்டும் என்று சொன்னார்களோ அதற்குப் பதினைந்து நாள் முன்பே அவனாகப் பிரித்துப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினான். பிறகு முழங்கால் முன்போல் மடங்கவில்லை. ஆட்டத்தை வைத்து ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று இருந்த பேச்சும் அதோடு நின்றுபோனது. நான் டிரில் மாஸ்டருக்குப் படித்துவிட்டு சித்தூரில் ஒரு ஹைஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் என்ன ஆனான் என்று ஒரு வருஷம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் பஜார் வீதியில் அவனைப் பார்த்தேன். ஜட்கா வண்டியில், இரண்டு பக்கமும் சினிமாத் தட்டி கட்டி, கையில் தகரக் குழாயோடு, இன்று முதல் படம் மாறுகிறது என்று கூவிக்கொண்டு போகிறான். எனக்குப் பகீரென்றது. காலேஜ் முழுக்கத் தோளில் தூக்கிவைத்து ஆடிய ஆள் இப்படி ஆகிவிட்டானே, நம்மைப் பார்த்தால் கூசிப்போவானே என்று பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன். உடனே குழாயில் அவன் குரல் கேட்டது. "நம்ம காலேஜ் ஃபுல் பேக்கு என்னப் பாத்துட்டு சந்துல ஒளியறாரு, எல்லாரும் ஒரு தபா பாத்துக்குங்க." வீதியே திரும்பிப் பார்த்தது. கூச்சப்பட்டவன் அவன் இல்லை, நான்தான்.

சித்தூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற ஒரு பிரஸ்காரர் வாரப் பத்திரிகை ஒன்றும் நடத்திவந்தார். நாலே பக்கம். முதல் இரண்டு பக்கம் தமிழ், அடுத்த இரண்டு பக்கம் தெலுங்கு. வெள்ளிக்கிழமை வரும். ஃபுட்பால் மேட்ச் பற்றி எழுத ஆள் வேண்டும் என்று இவனைக் கூப்பிட்டார். ஆறு மாதத்தில் கோயில் திருவிழா, வெல்லம் விலை, முனிசிபாலிட்டிக் கூட்டம், கிணற்றில் விழுந்த மாடு என்று எல்லாவற்றையும் இவனே எழுத ஆரம்பித்தான். எழுதுவான், ஈயத்தில் அச்சுக் கோத்ததைப் பிழை பார்ப்பான், வெள்ளிக்கிழமை விடிந்ததும் கட்டுக் கட்டாகப் பேப்பரைத் தோளில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ப் பஸ் கண்டக்டர்களிடம் கொடுப்பான். புத்தலப்பட்டுக்கு ஒரு கட்டு, புத்தூருக்கு ஒரு கட்டு, நகரிக்கு ஒரு கட்டு. மற்ற நாளில் மைக் செட்டில் அறிவிப்பு வேலை. அவன் பேசிக்கொண்டே ஓடிய காலேஜ் பழக்கம் இப்போது அவனுக்குச் சோறு போட்டது.

அவன் எழுத ஆரம்பித்த பிறகு அந்தப் பேப்பரில் ஒரு புது வழக்கம் வந்தது. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை இருக்கும். 'நேரில் பார்த்தது' அல்லது 'பிறர் சொல்லக் கேட்டது'. மாடு கிணற்றில் விழுந்ததற்குக்கூட இது உண்டு. ஊரில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன், நேரில் பார்த்தது என்று பதில் சொல்கிற அளவுக்குப் போனது. ஒரு வாரம், எல்லைப் பட்டியல் வந்துவிட்டது, இன்ன இன்ன ஊர் அந்தப் பக்கம் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பெரிய மனுஷர்கள் சிலர் பிரஸ்ஸுக்கே வந்து, போடு என்று நெருக்கினார்கள். வெள்ளிக்கிழமை பேப்பரில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'இந்த வாரம் எல்லை பற்றி நேரில் பார்த்தது ஒன்றும் இல்லை.' அன்று நானும் சிரித்தேன். வந்ததாகச் சொன்ன பட்டியல் வரவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜில்லா அளவில் ஒரு ஃபுட்பால் போட்டி. ஃபைனலுக்குத் திருப்பதி டீமும் நகரி நெசவுக்காரர்கள் டீமும் வந்து சேர்ந்தன. திருப்பதி டீமில் பெரும்பாலும் தெலுங்குப் பேசுகிறவர்கள், நகரி டீம் முழுக்கத் தமிழ். வேறு வருஷமாக இருந்தால் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் எல்லாரும் அதை மட்டும்தான் கவனித்தார்கள். போட்டி நடத்தியவர்களுக்கு மைக்கில் எந்த பாஷையில் சொல்வது என்பதிலேயே சண்டை. ஆந்திராவில் நடக்கிறது, தெலுங்குதான் என்றார் ஒருவர். சித்தூரில் நடக்கிறது, தமிழ்தான் என்றார் இன்னொருவர். கடைசியில், என்கிட்ட விடுங்க என்று ரைட் அவுட் மைக்கை வாங்கிக்கொண்டான்.

மைதானத்தின் ஓரமாக ஒரு லாரியை நிறுத்தி, அதன்மேல் மேஜை போட்டு உட்கார்ந்தான். பந்து நகரிக்காரன் காலில் இருந்தால் தமிழில் சொன்னான், திருப்பதிக்காரன் காலுக்குப் போனதும் தெலுங்குக்கு மாறினான். பந்து இங்கும் அங்கும் வேகமாகப் போகும்போது பாதி வாக்கியம் தமிழ், பாதி தெலுங்கு. பந்து யாரிடமும் இல்லாமல் வெளியே போனால் வாயை மூடிக்கொண்டு கையை விரித்துக் காட்டுவான். ஜனம் வயிறு குலுங்கச் சிரித்தது. சண்டை போட வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். இப்படி ஒரு தந்திரம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

நான் அன்று லைன்ஸ்மேன். கோட்டோரமாகக் கொடியோடு ஓடி, பந்து வெளியே போனால் காட்டுவதும், ஆஃப்சைட் இருந்தால் கொடி தூக்குவதும் என் வேலை. ஆஃப்சைட் என்பது இவ்வளவுதான்: பந்து உதைக்கப்படுகிற அந்த நொடியில், அதை வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிர் டீமில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல் கீப்பர் ஒருவர், இன்னொருவர் வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைட், கோல் செல்லாது. அந்த நொடியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்கத்தான் லைன்ஸ்மேன்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. என் பின்னால் இருந்த கூட்டம் லாரியில் நடக்கிற வேடிக்கையைப் பார்க்க எக்கி எக்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நான் திரும்பி, ஜருகண்டி ஜருகண்டி என்று கொடிக் கம்பால் அவர்களைத் தள்ளினேன். தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நகரி சென்டர் ஃபார்வர்டு, தறிக் குழியில் மிதித்து மிதித்து இறுகிய கால்களுள்ள ஒல்லியான ஒரு ஆள், கோலுக்கு முன்னால் பந்தோடு தன்னந்தனியாக நிற்கிறார். சுற்றி ஒருவரும் இல்லை. இவ்வளவு தனியாக ஒருவன் நின்றால் அது ஆஃப்சைடாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொன்னது. கை கொடியைத் தூக்கிவிட்டது. அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. ரெஃப்ரீ என் கொடியைப் பார்த்து விசில் ஊதி, கோல் இல்லை என்று கையை ஆட்டினார்.

அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியாது. நகரி ஜனம் முழுக்க எழுந்துவிட்டது. தமிழன் கோல் போட்டா கோல் இல்லையா என்று ஒரு குரல் கிளம்பியது. அந்தப் பக்கமிருந்து தெலுங்கில் பதில் வந்தது. கல் எடுக்கக் குனிந்தவர்களையும் பார்த்தேன். நாலைந்து பேர் லாரியின்மேல் தாவி ஏறி ரைட் அவுட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருந்து எல்லாம் பாத்தியே, நீ சொல்லு, கோலா இல்லையா என்று கேட்டார்கள். மைதானமே அவன் வாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் நான் வீட்டுக்கு முழுசாகப் போக மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அவன் மைக்கைக் கையில் எடுத்தான். கோலை இழந்தவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, தமிழில் ஆரம்பித்தான். "லைன்ஸ்மேன் கொடி தூக்கினாரு. ரெஃப்ரீ கோல் இல்லன்னு குடுத்தாரு. நடந்தது அவ்ளோதான். மைக்கு என் கையில கீது, விசிலு அவர் கையில கீது. ஆட்டம் இன்னும் முடியல, ஒக்காருங்க." அதையே வார்த்தை மாறாமல் தெலுங்கிலும் சொன்னான். பிறகு ஒரு நிமிஷம் அப்படியே மௌனமாக நின்றான். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற ஆள் பேசாமல் நின்றதால்தானோ என்னவோ, ஜனம் மெல்ல மெல்ல உட்கார்ந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. கடைசி இரண்டு நிமிஷத்தில் திருப்பதி டீம் ஒரு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. முடிந்ததும் ரைட் அவுட் மைக்கிலேயே, லைன்ஸ்மேன் லாரிக்கு வரவும் என்று கூப்பிட்டு, என்னை மேலே ஏற்றி உட்காரவைத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கினான். லாரியின் பக்கமாக நடந்துபோன ஒரு நகரிப் பெரியவர், எங்களைப் பார்த்தே, "எல்லையிலயும் இந்த மாதிரிதான் பாக்காமலே கோடு போடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இன்டர்வெல்லில் அவன் ஸ்கூலுக்கு வந்தான். மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று, நேராகவே கேட்டான்.

"பந்த ஒதைக்கசொல்ல நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். பொய். காலேஜிலிருந்து பழகியவனிடம் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

"நானும் பாத்தேன் மச்சான். திருப்பதி பேக்கு ஒருத்தன் கோல் கம்பத்துக்கிட்ட வழுக்கி விழுந்து கெடந்தான். கீப்பர் ஒண்ணு, அவன் ரெண்டு. அது கோலு" என்றான்.

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விழுந்து கிடந்தவனை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பார்த்ததாகக் கொடி தூக்கியிருக்கிறேன், இப்போது அதற்குமேல் பொய்யும் சொல்லியாகிவிட்டது. பேப்பர்ல போடப் போறியா என்று கேட்டேன். ஆமாம் என்றான். வேண்டாம் என்று கெஞ்சினேன். ஊர் இருக்கிற நிலையில் என்னைச் சும்மா விடுவார்களா, இந்த ஸ்கூலில் நான் பிள்ளைகள் முன் எப்படி நிற்பது, ஹெட்மாஸ்டர் என்ன சொல்வார் என்று என்னென்னவோ சொன்னேன். அப்படியென்றால் நேற்று மைக்கிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு என்னைக் காப்பாற்றினாய் என்றும் கேட்டேன்.

"மைக்கு கேக்கறவன் நின்னுக்கினு கேக்கறான், கையில கல்லு கீது. பேப்பர் படிக்கறவன் ஒக்காந்துக்கினு படிக்கறான்" என்றான். பிறகு சொன்னான், பேப்பர் வியாழக்கிழமை அச்சாகிறது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நீயே உன் பெயரில் எழுதிக் கொடு, நான் ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "ஒன் ஒடைஞ்ச கால தூக்கிக்கினு புத்தூருக்கு ஓடினவன் நானு. அத மறந்துடாத" என்றேன்.

அவன் முகம் மாறவில்லை. "அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். இது வேற, மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

செவ்வாய் போனது, புதன் போனது, வியாழனும் போனது. இரண்டு தடவை வெள்ளைக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஆசிரியர் அவர்களுக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அவன்மேல் ஆத்திரமாக வந்தது. தகரக் குழாயில் சினிமா கூவினவனுக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது என்றுகூட நினைத்தேன். மனுஷன் தப்புச் செய்துவிட்டால் எவ்வளவு கீழே போவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பேப்பரை நான் வாங்கவில்லை. ஸ்கூலிலும் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கலவரமாக இருந்தது. சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல். கடைசி பீரியட் முடிந்து, பிள்ளைகள் ஓடிப்போன பிறகு, வாலிபால் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நின்றவர் அந்த நகரி சென்டர் ஃபார்வர்டு. கையில் மடித்த பேப்பர்.

வலையை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஓடவில்லை, தைரியத்தினால் அல்ல, அவர்கள் நின்றது கேட்டிலேயே. அவர் பக்கத்தில் வந்து கும்பிட்டார்.

"சார், அந்த ஞாயித்துக்கெழமலேர்ந்து எங்க தெருவுல என்னப் பாத்து சிரிச்சிக்கினு இருந்தாங்க. எங்க நிக்கறதுன்னு தெரியாம நின்னு கோப்பையத் தொலைச்சிட்டு வந்தவன்னு. எங்க நைனாகூட மூஞ்சி குடுத்துப் பேசல. நேத்து பஸ்ஸுல பேப்பர் வந்துச்சி. எனக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல எட்டு பேரு படிச்சிக் காட்டிட்டாங்க. ஆனா கொடி தூக்கினது நீங்க. நீங்க படிச்சி ஒரு தபா கேக்கணும்னு வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. தறியை ஒரு நாள் சும்மா போட்டுவிட்டு, பஸ் ஏறி, அதற்காகவே வந்திருக்கிறார். நான் பேப்பரை வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தில், தமிழில் இருந்தது. அதையே தெலுங்குப் பக்கத்திலும், அதே அளவில், அதே இடத்தில் போட்டிருந்தான். அந்தத் துண்டு என்னிடம் இன்றும் இருக்கிறது. சத்தமாகப் படித்தேன்.

'சென்ற ஞாயிறு நகரி அணியார் போட்ட கோல் சரியான கோல். பந்து உதைக்கப்பட்டபோது திருப்பதி அணியின் பேக் ஒருவர் கோல் கம்பத்தின் அருகே விழுந்து கிடந்தார். ஆகவே ஆஃப்சைட் இல்லை. லைன்ஸ்மேன் அந்தச் சமயம், கோட்டைத் தாண்டி வந்த கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருக்க வழியில்லை. கூட்டத்தைத் தள்ளி நிற்கும்படி சொல்லியிருக்க வேண்டியவன், மைக் வைத்திருந்த நான். நான் ஜனங்களைச் சிரிக்கவைப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன். கூட்டம் உள்ளே வந்தது என்னை வேடிக்கை பார்க்கத்தான். ரெஃப்ரீ தீர்ப்பு தீர்ப்புதான், கோப்பை திருப்பதி அணிக்கே உரியது. ஆனால் கோல், கோல்தான்.'

அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 'நேரில் பார்த்தது' என்று இருந்தது. அதற்கும் கீழே அவனுடைய முழுப் பெயர். என் பெயர் எங்குமே இல்லை.

'அவர் பார்த்திருக்க வழியில்லை' என்கிற இடத்துக்கு வந்ததும் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தேன். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்ததை அவனிடம் சொல்லவே இல்லை. பார்த்தேன் என்றுதான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவன் பேப்பரில் ஏற்றவில்லை. லாரியின்மேல் உட்கார்ந்து, பந்தையும் பார்த்து, விழுந்து கிடந்தவனையும் பார்த்து, முதுகைக் காட்டி நின்ற என்னையும் பார்த்திருக்கிறான். என்னிடம் வந்து கேட்டபோதே அவனுக்கு எல்லாம் தெரியும். நானாகச் சொல்வதற்கு ஒரு வழி விட்டுப் பார்த்திருக்கிறான். நான் அதை மூடிவிட்டேன். அப்படியும் என்மேல் விழ வேண்டியதில் பாதியைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

படித்து முடித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "நான் பாக்க வழியில்லன்னு எழுதியிருக்கான். நெஜந்தான். ஆனா பாக்கலன்னா கொடிய கீழயே வெச்சிருக்கணும். பாத்த மாதிரி தூக்கிட்டேன். தப்பு என்னுதுதான்" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கேட்டார்.

"அப்ப கோலுதான சார்?"

"கோலுதான்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை, அதெல்லாம் ரைட் அவுட்டுக்குத்தான் வரும். பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நகரிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்தத் துண்டு எனக்கு வேண்டும் என்று நான் சொல்லத் துணியவில்லை. பிறகு கடையில் வேறு பேப்பர் வாங்கிக் கத்தரித்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகப் பிரஸ்ஸுக்குப் போனேன். கையெல்லாம் மையாக உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "இன்னா, எதுனா துன்னியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் நகரிக்காரர் வந்ததையும், நான் படித்ததையும், படித்த பிறகு சொன்னதையும் மட்டும் சொன்னேன். அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டான். இதையுமா போடப் போகிறாய் என்று கேட்டேன்.

"போடுவேன். ஆனா நேர்ல பாத்ததுன்னு போட முடியாதே" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேப்பரில் நாலே வரி வந்தது. நகரி ஆட்டக்காரர் சித்தூர் வந்து லைன்ஸ்மேனைக் கண்டார் என்றும், லைன்ஸ்மேன் தன் தவற்றைத் தானே ஒப்புக்கொண்டார் என்றும் எழுதி, அடியில் 'பிறர் சொல்லக் கேட்டது' என்று போட்டிருந்தான். ஊரில் அதைப் படித்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றாலும் அது பரவாயில்லாத சிரிப்பு. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் ஸ்கூல் மேட்சுக்கெல்லாம் நீரே ரெஃப்ரீ என்றார். அதில் கொஞ்சம் கேலியும் இருந்திருக்கலாம்.

எல்லை பிறகு முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் சித்தூரும் இந்தப் பக்கமே நின்றன. அந்த வாரம் அழுதவர்களும் உண்டு, பட்டாசு வெடித்தவர்களும் உண்டு. ரைட் அவுட் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு பாஷையிலும் பக்கம் பக்கமாக எழுதினான். எல்லாவற்றின் அடியிலும் 'நேரில் பார்த்தது'. அப்போது யாரும் கிண்டல் செய்யவில்லை. பேப்பரில் என்ன போட்டிருக்கிறான் பார், அவன் போட்டால்தான் நிஜம் என்று பஸ் ஸ்டாண்டில் வெள்ளிக்கிழமை காலையில் ஜனம் நின்றது. பல வெள்ளிக்கிழமைகளில் நானும் போய் அவனோடு கட்டுகளைத் தூக்கிப் பஸ்மேல் ஏற்றியிருக்கிறேன். காலேஜ் நாளில் அவன் போட்ட கோல்களுக்காக அவனைத் தூக்கி ஆடினோம். நான் அவனைப் பார்த்து உண்மையில் கைகூப்பியது, அவன் போடாத அந்த ஒரு கோலுக்காகத்தான்.

அதன்பிறகு நான் முப்பது வருஷத்துக்கு மேல் கொடியும் விசிலுமாக மைதானங்களில் நின்றிருக்கிறேன். எத்தனையோ தப்புப் பண்ணியிருப்பேன், ஆனால் பார்க்காத எதற்கும் என் கை மேலே எழுந்ததில்லை. மைதானத்துக்கு வெளியேயும் யாரைப் பற்றியாவது எதையாவது அடித்துச் சொல்லிவிட வாய் துடிக்கும்போதெல்லாம், பார்த்ததா, கேட்டதா என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் இன்னமும் அந்த ரைட் அவுட் நொண்டிக்கொண்டு ஓடிவருகிறான்.